போர் நடக்காத நாளுக்கு ஒரு விருது

ரெம்பாவ்

அன்பு மருமகனுக்கு,

நீ வாட்சப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நீர்மூழ்கிக் கப்பலின் முதுகில் மாலுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் கையில் கேடயம். போர் ஆயத்தத்துக்காகக் கிடைத்ததாம். அதன் கீழே நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: “சண்டையே போடாதவங்களுக்கு எதுக்கு மாமா விருது?” எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த கையோடு கடற்படைக்கு மனுப் போடுவேன், அதிலும் நீர்மூழ்கிக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறவன் நீ. நீ கேட்டதைச் சிரித்துவிட்டு விட எனக்கு மனமில்லை. கைப்பேசியில் நாலு வார்த்தை தட்டிப் பதில் சொல்லவும் முடியாது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

அமெரிக்கக் கடற்படையில் இந்த மாதிரி விருதுக்குப் பழைய மரபு உண்டு. ‘பேட்டில் ஈ’ என்பார்கள். ஒவ்வொரு நீர்மூழ்கிப் படைப்பிரிவிலும் ஆண்டுக்கு ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருநாள் பரீட்சை வைத்து மார்க் போடுகிற வேலை இல்லை அது. ஆண்டு முழுவதும் நடந்த பயிற்சிகள், திடீர்ச் சோதனைகள், இயந்திரப் பராமரிப்பு, ஆயுதப் பயிற்சி, மருத்துவம், கிடங்குக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. விருது கப்பலுக்கு. அந்த ஆண்டில் அந்தக் கப்பலில் வேலை பார்த்த ஒவ்வொருவரும் அதற்கான பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம். இந்தப் பட்டை 1976ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கப்பல் தலைவருக்கும் அதே பட்டைதான், சமையல்காரருக்கும் அதே பட்டைதான்.

சமையல்காரர் எதற்கு என்று கேட்பாய். நீர்மூழ்கிக்குள் தீப்பிடித்தால் அணைக்க வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அடுப்படியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் முதல் தீயணைப்பாளர் அவர்தான். அதனால் பல நாட்டுக் கடற்படைகளில் டால்பின் சின்னம் வாங்காதவரை நீர்மூழ்கிக்காரன் என்றே ஒருவரை ஒப்புக்கொள்வதில்லை. அது வாங்க உன் துறையை மட்டும் தெரிந்திருந்தால் போதாது. எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது, எந்த வால்வை மூடினால் எது நிற்கும், புகை மூடிக் கண் தெரியாத நேரத்தில் சுவாச முகமூடியை எந்த இடத்தில் செருகினால் காற்று வரும், எல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டுக்கூடச் சோதிப்பார்கள்.

இனி உன் கேள்விக்கு நேராக வருகிறேன். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரின்போது, இந்தியாவின் ஐ.என்.எஸ். கரஞ்ச் என்ற நீர்மூழ்கி கராச்சிக் கடலில் காவல் கிடந்தது. அந்தத் தடத்தில் வணிகக் கப்பல்கள் நிறைய. எதிரிக் கப்பல்தான் என்று உறுதிப்படுத்தாமல் தாக்கக் கூடாது என்பது கட்டளை. எதிரியின் வாசலில், எந்த நேரமும் கண்டுபிடிக்கப்படலாம் என்ற நிலையில் இருந்துவிட்டு, ஒரு கப்பலையும் மூழ்கடிக்காமல் அது திரும்பியது. அதன் தலைவர் வி. எஸ். ஷெகாவத்துக்கு வீர சக்ரா விருது கொடுத்தார்கள். பிறகு அவர் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியானார். அந்தப் போரில் இந்திய நீர்மூழ்கிகள் எதுவும் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஆனாலும் அவை கடலுக்கடியில் எங்கோ இருக்கின்றன என்கிற நினைப்பு எதிராளியின் கணக்கில் இருந்தது. நீர்மூழ்கியின் வேலையில் பாதி அந்த நினைப்பை உண்டாக்குவதுதான். கப்பல் உண்மையிலேயே ஆயத்தமாக இருந்தால்தான் நினைப்பும் நிலைக்கும். 2017 டிசம்பர் 8ஆம் தேதி, இந்திய நீர்மூழ்கிப் படைக்கு ஐம்பது வயது நிறைந்த நாளில், குடியரசுத் தலைவர் விசாகப்பட்டினத்துக்கு வந்து அந்தப் படைக்குக் கொடி வழங்கினார். அந்த ஐம்பது ஆண்டில் போர் நடந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் எவ்வளவு தேறும்?

நம் நாட்டுக் கதைக்கு வா. 2002இல் இரண்டு ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கிகளுக்கு மலேசியா ஒப்பந்தம் போட்டது. ஒன்று துங்கு அப்துல் ரஹ்மான் பெயரில், மற்றது துன் ரசாக் பெயரில். முதலாவது 2009 செப்டம்பரில் கிள்ளான் துறைமுகம் வந்தது, இரண்டாவது 2010 ஜூலையில் லுமுட். இப்போது இரண்டுக்கும் வீடு சபாவின் செப்பாங்கார் தளம். ஸ்கார்பீன் என்ற பெயரைச் சொன்னதும் நம் ஊர்க் காப்பிக் கடையில் என்ன பேச்சு கிளம்பும் என்று உனக்குத் தெரியும். வாங்கிய விதத்தைப் பற்றிப் பிரான்சிலேயே விசாரணை நடந்தது. பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் கப்பலை வாங்கிய கதையை வைத்து அதை ஓட்டுகிறவனை எடை போடாதே. கையெழுத்துப் போட்ட மேசைக்கும் பாட்டரி அறையில் வியர்க்கிறவனுக்கும் சம்பந்தம் இல்லை.

2010 பிப்ரவரியில் இன்னொரு செய்தி வந்தது. முதல் கப்பலால் மூழ்க முடியவில்லை, ஏதோ பழுது என்று. நாடே சிரித்தது. மூழ்காத நீர்மூழ்கி என்று நாடாளுமன்றம் முதல் மார்க்கெட் வரை கேலி. பழுதைச் சரிசெய்தார்கள், கப்பல் மூழ்கியது. அதே ஆண்டு ஜூலையில் நம் நீர்மூழ்கி ஒன்று தென் சீனக் கடலில் நீருக்கடியிலிருந்து எக்சோசெட் ஏவுகணையை ஏவிப் பரிசோதித்தது. அந்த இரண்டாவது செய்தி உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார். தெரிந்திருக்காது. கேலி மட்டும் இன்றைக்கும் ஞாபகத்தில் இருக்கும். கப்பல் கெட்டால் ஊருக்குத் தெரியும். ஓடினால் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. எந்தக் கடலில் எத்தனை நாள் இருந்தோம் என்று வீட்டில்கூடச் சொல்ல முடியாத வேலையில், “நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள்” என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்வதற்கு ஒரு வழி வேண்டாமா? அந்தக் கேடயம் அதற்குத்தான்.

ஆனால் கேடயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவன் என்று உனக்குத் தெரியும். பதினைந்து மாதத்துக்கு ஒரு தடவை தொழில் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.யின் அதிகாரி வந்து பாய்லரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார். அவர் வருகிறார் என்றால் ஆலைக்கு ஒரு வாரம் கல்யாணக் களை. குழாய்க்கெல்லாம் பெயின்ட், தரையெல்லாம் கழுவல். அது தப்பில்லை. ஆனால் பாய்லரில் பாதுகாப்பு வால்வு என்று ஒன்று உண்டு. ஆவி அளவுக்கு மீறினால் திறந்து வெளியே விட வேண்டியது அதன் வேலை. நல்லபடி ஓடுகிற பாய்லரில் அது ஆண்டுக்கணக்கில் திறக்காமலே இருக்கும். திறக்காத வால்வு ஆயத்தமாக இருக்கிறதா, துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் நீர்மட்டக் கண்ணாடியைத் திறந்து ஊதிப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது விதி. சில பேர் வாரம் முழுவதற்கும் ஒரே உட்காரலில் எழுதிவிடுவார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு. புத்தகத்தைப் புரட்டினாலே எனக்குத் தெரிந்துவிடும். அதிகாரிக்குத் தெரியாது.

உன் படத்தில் இருக்கிற கேடயமும் பாதி புத்தகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. விருது பெரிதாக ஆக, புத்தகத்தை அழகாக வைக்க வேண்டும் என்ற ஆசையும் பெரிதாகும். நீர்மூழ்கித் தொழிலில் இந்த ஆசை ஆளைக் கொல்லும்.

1963 ஏப்ரல் 10ஆம் தேதி அமெரிக்காவின் த்ரெஷர் என்ற அணுசக்தி நீர்மூழ்கி ஆழச் சோதனையின்போது மூழ்கிப்போனது. 129 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான், கடல்நீரைக் கப்பலுக்கு வெளியே நிறுத்துகிற ஒவ்வொரு பாகத்துக்கும், எஃகு எங்கே உருகியது, யார் வெல்டிங் செய்தார், யார் சோதித்தார் என்று கையெழுத்தோடு காகிதம் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த முறைப்படி முழுச் சான்று பெற்ற அமெரிக்க நீர்மூழ்கி எதுவும் அதன்பின் மூழ்கவில்லை. காகிதத்தைக் கேலி பேசுகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

அதே காகிதம் எப்படிப் பொய்யாகும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே கதை இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் ஒரு வார்ப்பாலை, நீர்மூழ்கிகளுக்கு எஃகுப் பாகங்கள் வார்த்துக் கொடுத்தது. அங்கே சோதனைக்கூடப் பொறுப்பில் இருந்த உலோகவியலாளர் 1985 தொடங்கிப் பல ஆண்டுகளாக, தேறாத எஃகைத் தேறியதாக எழுதி வந்திருக்கிறார். 2017இல் வெளியே வந்தது. 2022இல் இரண்டரை ஆண்டு சிறை. சில சோதனைகளை மைனஸ் 100 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் செய்ய வேண்டும் என்பது விதி. அது முட்டாள்தனமாகப் பட்டது என்று அவர் காரணம் சொன்னாராம். பார்த்தாயா? கெட்ட எண்ணம் கொஞ்சமும் வேண்டாம். “இது தேவையில்லாத வேலை” என்கிற நினைப்பு ஒன்று போதும்.

உனக்கு அந்த நினைப்பு சீக்கிரம் வரும். கோபித்துக்கொள்ளாதே, பரீட்சைக்கு முந்தின இரவு படிக்கிறவன் நீ. கெட்டிக்காரத்தனத்தால் அதிலும் தேறிவிடுகிறாய். அதனால்தான் எனக்குக் கவலை. கெட்டிக்காரனுக்குத்தான் குறுக்குவழி சுலபமாகக் கிடைக்கும். யாரும் பார்க்காத இரவுக் காவலில், போன வாரம் திறந்து பார்த்த அதே வால்வை இந்த வாரமும் திறந்து பார்க்க உனக்குப் பொறுமை உண்டா என்று உன்னையே கேட்டுக்கொள். உண்டு என்றால் நீர்மூழ்கிக்குப் போ. சந்தேகம் என்றால் கடற்படையில் வேறு நல்ல வேலைகள் நிறைய இருக்கின்றன. வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் கடற்படையில் நீர்மூழ்கித் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க 1917 முதல் ஒரு பயிற்சி நடக்கிறது. பல மாதம். கடைசியில் உண்மையான கப்பலில், உண்மையான கடலில், பல போர்க்கப்பல்கள் துரத்த, பெரிஸ்கோப்பை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். தேறினால் கப்பல் கிடைக்கும். தேறவில்லை என்றால் அன்றைக்கே மூட்டை கட்டி, கையில் ஒரு போத்தல் விஸ்கியைக் கொடுத்துப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பின் அவருக்கு நீர்மூழ்கி வாழ்க்கையே இல்லை. கொடுமையாகத் தெரியும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பாவம் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தால் அதற்கு விலை கொடுக்கப்போவது உள்ளே இருக்கிற மற்றவர்கள்.

உள்ளே இருப்பது என்றால் என்ன என்று தெரிய நீ சபா வரைக்கும் போக வேண்டாம். ரெம்பாவிலிருந்து காரில் ஒரு மணி நேர ஓட்டத்தில் மலாக்கா கிளேபாங் கடற்கரையில் ‘உவெஸ்ஸான்’ நிற்கிறது. 1978இல் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி. ஓய்வு கொடுத்த பிறகு, பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் நம் முதல் நீர்மூழ்கி மாலுமிகள் அதில்தான் தொழில் பழகினார்கள். 2011இல் இங்கே கொண்டுவந்து அருங்காட்சியகமாக்கினார்கள். போய்ப் பார். ஏறக்குறைய 67 மீட்டர் நீளம். ஆனால் உள்ளே நடக்க ஒரு சந்துதான். டார்ப்பிடோ இருக்கிற அறையிலேயே படுக்கை. படம் பிடித்துப் போடுவதற்காகப் போகாதே. ஒரு மூலையில் அரை மணி நேரம் சும்மா நின்று பார். மேலே வெயில் இல்லை, வாரக்கணக்கில் ஜன்னல் இல்லை, உன் பக்கத்தில் படுத்திருப்பவனின் குறட்டையிலிருந்து கோபம் வரை எல்லாமே உனக்கும் சொந்தம் என்று நினைத்துப் பார்.

அந்தப் பழைய கப்பலுக்கு ஐம்பது பேருக்கு மேல் வேண்டியிருந்தது. ஏறத்தாழ அதே நீளமுள்ள ஸ்கார்பீனை முப்பத்துச் சொச்சம் பேர் ஓட்டுகிறார்கள். கருவிகள் பெருகிவிட்டன, ஆள் குறைந்துவிட்டார்கள். ஆள் குறைந்தால் ஒவ்வொருவன் தலையிலும் பாரம் கூடுகிறது. உனக்குப் பதில் உன் வேலையைச் செய்ய அங்கே இன்னொருவன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான்.

இந்தக் கப்பல்கள் நீருக்கடியில் பாட்டரியில் ஓடுகின்றன. பாட்டரி இறங்கினால் மேலே வந்து, காற்றுக்குழாயை நீருக்கு வெளியே நீட்டி, டீசல் எஞ்சினை ஓட்டி ஏற்ற வேண்டும். டீசல் சத்தம் போடும், குழாய் ரேடாரில் தெரியும். ஆபத்தான நேரம் அதுதான். எப்போது மேலே வருவது, எவ்வளவு நேரம் இருப்பது, எவ்வளவு மின்சாரத்தைச் சேமிப்பது என்பதிலேயே அவர்கள் பிழைப்பு நடக்கிறது. கீழே இருக்கும்போது ஒரு ஸ்பேனர் இரும்புத் தரையில் விழுந்தாலும் தூரத்துக் காதுக்குக் கேட்கலாம். உன்னை மாதிரிக் கதவை அறைந்து சாத்துகிறவனுக்கு முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

உன் அம்மா நேற்று என்னிடம் அழுதாள். அவள் கண்ணில் நிற்பது நங்காலா. 2021 ஏப்ரல் 21ஆம் தேதி பாலிக்கு வடக்கே, டார்ப்பிடோப் பயிற்சிக்காக மூழ்கிய அந்த இந்தோனேசிய நீர்மூழ்கி மேலே வரவில்லை. 53 பேர். 800 மீட்டருக்கும் கீழே மூன்று துண்டாகக் கிடந்தது. அவள் டிவியில் பார்த்ததை மறக்கவில்லை. அவளிடம் ஆபத்து ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லாதே. இதையும் சேர்த்துச் சொல்: செய்தி வந்ததும் செப்பாங்காரிலிருந்து நம் மீட்புக் கப்பல் மெகா பக்தி புறப்பட்டது, சிங்கப்பூரிலிருந்து ஒன்று, விசாகப்பட்டினத்திலிருந்து இந்தியாவின் மீட்புக் கருவி. அந்த 53 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அழைத்தவுடன் கிளம்பக் கூடிய நிலையில் ஒரு கப்பலை வருடக்கணக்கில் வைத்திருக்கவும் ஆட்கள் வேண்டும். அவர்கள் படம் உன் வாட்சப்புக்கு வராது.

வீட்டோடு பேச்சு குறையும் என்பதையும் அவளுக்கு இப்போதே சொல்லிவிடு. தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் பெரிய வானொலி நிலையம் ஒன்று இருக்கிறது. ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990இல் திறந்தது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில் அங்கிருந்து அனுப்புகிற செய்தி கடல்நீருக்குள்ளும் கொஞ்ச ஆழம் இறங்கும். கீழே இருக்கிற கப்பல் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. பேசினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும். பிரிட்டிஷ் அணு நீர்மூழ்கிகளில் ஒரு காலத்தில் குடும்பத்திலிருந்து வாரத்துக்கு நாற்பது சொல் மட்டும் அனுப்பலாம். வீட்டில் சாவு விழுந்தால் கடலில் இருக்கும்போதே சொல்ல வேண்டுமா, கரைக்கு வந்தபின் சொன்னால் போதுமா என்று புறப்படும் முன்பே மாலுமியிடம் கேட்டு எழுதிக்கொள்வார்களாம். நம் கப்பல்கள் அவ்வளவு நீண்ட காவல் போவதில்லை. இருந்தாலும் அந்தக் கேள்விக்கு உன் பதில் என்ன என்று யோசித்து வை.

நம் தமிழ்ப் பிள்ளைகள் படைக்குப் போவது குறைவு. போனால் என்ன கிடைக்கும், மேலே வர விடுவார்களா என்று தோட்டத்திலும் பேசுவார்கள், கம்பத்திலும் பேசுவார்கள். உனக்கு ஒரு பெயர் சொல்கிறேன், நினைவில் வை: கே. தனபாலசிங்கம். அதுவரை வெளிநாட்டு அதிகாரிகள் நடத்திய நம் கடற்படைக்கு 1967 டிசம்பரில் முதல் மலேசியத் தளபதியாக வந்தவர், தமிழர். அப்போது அவருக்கு வயது 31. 1976 முடியும் வரை அந்தப் பதவியில் இருந்தார். அது அந்தக் காலம் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களிடம் வாதாடி நேரத்தைக் கெடுக்காதே.

இனி செய்ய வேண்டியது. எஸ்.பி.எம்.மில் கணிதமும் இயற்பியலும் உறுதியாக வேண்டும். மலாய் மொழியில் சும்மா தேறினால் போதாது. கட்டளை காதில் விழுந்த நொடியில் கை நகர வேண்டும், மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. காதையும் பல்லையும் மருத்துவரிடம் காட்டு, காற்றழுத்தம் மாறுகிற இடத்தில் இரண்டும் தொல்லை கொடுக்கும். நேராக யாரும் உன்னை நீர்மூழ்கிக்கு அனுப்ப மாட்டார்கள். ஜொகூர் தஞ்சோங் பெங்கலீயில் புதுச்சேர்க்கைப் பயிற்சி, பிறகு தொழில் பயிற்சி, அதற்கும் பிறகு நீயாக முன்வந்தால், உடம்பும் மனசும் தேறினால், செப்பாங்கார். அதுவரை நீர்மேல் ஓடும் கப்பலில் கிடைக்கிற எஞ்சின் வேலையைக் கற்றுக்கொள். என்றாவது ஒருநாள் நீ நிற்கிற வரிசைக்கும் கேடயம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அன்றைக்கு உன் காவல் எந்நேரமோ அந்நேரத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தை ஒழுங்காக எழுது.

மனுப் படிவத்தில் அம்மா கையெழுத்து வாங்குவதற்கு என்னைத் தூது அனுப்பலாம் என்று எண்ணியிருப்பாய். நான் பேச மாட்டேன். அவளிடம் நீயே போய் உட்கார்ந்து பேசு.

இப்படிக்கு,
உன் மாமா